பதின்மூன்று இலக்க எண்ணைப் பென்சிலால் பிரித்துப் பார்ப்பது எப்படி?

எடுத்துக்கொள்ளப் போகும் எண் 6746328388800. நம் வழக்கப்படி கமா போட்டால் 67,46,32,83,88,800. வாயால் சொன்னால் ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு.

இது நானாக ஏதோ தட்டி வைத்த எண் இல்லை. சீனிவாச இராமானுஜன் 1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் உயர் பகு எண்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு வகுத்திகளைக் கொண்ட எண்ணுக்குத்தான் உயர் பகு எண் என்று பெயர். அந்தக் கட்டுரையில் அவர் கொடுத்த அட்டவணையின் கடைசி எண் இது. கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் எட்டிய எண் என்பதால், நாமும் கையாலேயே இதைப் பிரித்துப் பார்க்கலாம்.

தேவையானவை ஒரு பென்சில், ஒரு தாள், நீள்வகுத்தலில் கொஞ்சம் பொறுமை. எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். கடைகளில் இருக்கும் சாதாரணக் கால்குலேட்டர் இங்கே உதவாது. பெரும்பாலானவற்றில் 12 இலக்கம்தான் விழும், நம்முடையது 13. எக்செல்லில் போட்டால் முதலில் தசமப் புள்ளியோடு சுருக்கிக் காட்டும். செல்லின் ஃபார்மேட்டை ‘நம்பர்’ என்று மாற்றினால் முழு எண்ணும் தெரியும். எக்செல் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்திருக்கும், அதற்கு மேல் வருபவற்றைப் பூஜ்ஜியமாக்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் படி: வகுக்காமலே தெரிபவை

பெரிய எண்ணைக் கண்டதும் வகுக்கத் தொடங்காதீர்கள். முதலில் அதன் வாலைப் பாருங்கள். 800 என்று முடிகிறது. 100-ஆல் மீதியின்றி வகுபடும் என்பது அதிலேயே தெரிகிறது. 100 என்பது 2² × 5², ஆக இரண்டு 2-களும் இரண்டு 5-களும் கைக்கு வந்துவிட்டன. மூன்றாவது 5 உண்டா? 125-ஆல் வகுபடுமா என்று பார்க்கக் கடைசி மூன்று இலக்கம் போதும். 800-ஐ 125-ஆல் வகுத்தால் மீதி 50. ஆகவே 5-க்கு இரண்டோடு முடிந்தது.

2-க்கும் இதே முறைதான். 4-க்குக் கடைசி இரண்டு இலக்கம், 8-க்கு மூன்று, 16-க்கு நான்கு, 32-க்கு ஐந்து, 64-க்கு ஆறு. நம் எண்ணின் கடைசி ஆறு இலக்கம் 388800. அதை 64-ஆல் வகுத்தால் சரியாக 6075. 128-க்குப் போனால் ஏழு இலக்கம் பார்க்க வேண்டும். 8388800-ஐ 64-ஆல் வகுத்தால் 131075 வருகிறது. அது ஒற்றைப்படை, இன்னொரு 2-க்கு அதில் இடமில்லை. ஆக 2 சரியாக ஆறு முறை.

அடுத்து இலக்கங்களைக் கூட்டுங்கள். 6+7+4+6+3+2+8+3+8+8+8+0+0 = 63. இது 9-ஆல் வகுபடுவதால் முழு எண்ணும் 9-ஆல் வகுபடும். இங்கே ஒரு எச்சரிக்கை. கூட்டுத்தொகை 27-ஆல் வகுபட்டால் எண்ணும் 27-ஆல் வகுபடும் என்று புதிதாக வருபவர்கள் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. இலக்கக் கூட்டல் விதி 3-க்கும் 9-க்கும் மட்டும்தான். எத்தனை 3 இருக்கிறது என்பதை வகுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: மும்மூன்றாக வெட்டுவது

இந்தப் படி எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001. ஆயிரத்தைவிட ஒன்றுதான் அதிகம். இந்த ஒற்றை எண் வித்தியாசத்தால் மூன்று பகா எண்களையும் ஒரே மூச்சில் சோதித்துவிடலாம்.

எப்படியென்றால், 1001-ஆல் வகுக்கும்போது 1000 என்பதை −1 என்று எடுத்துக்கொள்ளலாம், ஒன்று குறைகிறது அல்லவா? பத்து லட்சம் என்பது ஆயிரம் ஆயிரம், அதாவது −1 × −1. ஆகவே அது +1. (சரிபார்க்க: 1001 × 999 = 999999. பத்து லட்சத்துக்கு ஒன்று குறைவு.) நூறு கோடிக்கு மறுபடியும் −1. இப்படி மாறி மாறிப் போகும். எனவே எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, மாறி மாறிக் கூட்டிக் கழித்தால் போதும். லட்சம், கோடிக் கமாவை இங்கே மறந்துவிட்டு, மூன்று மூன்றாக எழுதிக்கொள்ளுங்கள்:

6 | 746 | 328 | 388 | 800

வலமிருந்து 800 − 388 = 412. 412 + 328 = 740. 740 − 746 = −6. −6 + 6 = 0.

பூஜ்ஜியம்! 1001-ஆல் மீதியே இல்லாமல் வகுபடுகிறது. ஆக 7, 11, 13 மூன்றும் உள்ளே இருக்கின்றன. பூஜ்ஜியம் வராமல் 77 என்று வந்திருந்தால், 7-ம் 11-ம் உண்டு, 13 இல்லை என்று சொல்லியிருப்போம். எது வந்தாலும் மூன்று இலக்கத்துக்கு மேல் பெரிதாகக் கையாள வேண்டியிருக்காது. 7-க்குத் தனியாகக் கடைசி இலக்கத்தை இரட்டித்துக் கழிக்கும் விதி ஒன்று உண்டு. 13 இலக்க எண்ணில் அதைச் செய்துகொண்டிருந்தால் சலித்துவிடும், மும்மூன்றாக வெட்டுவதே மேல்.

மூன்றாம் படி: கழற்றிக்கொண்டே போவது

இப்போது உண்மையாகவே வகுக்கலாம். கண்டுபிடித்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் எண் சிறிதாகும், வேலையும் குறையும்.

100-ஆல் வகுத்தால் 67463283888. மிச்சமுள்ள நான்கு 2-களுக்காக 16-ஆல் வகுத்தால் 4216455243. இதன் இலக்கக் கூட்டல் 36, ஆகவே 9-ஆல் வகுக்கலாம். 468495027. இதன் கூட்டல் 45, மறுபடியும் 9 போகும். 52055003. இதன் கூட்டல் 20. 3-க்குக் கதவு மூடியாயிற்று. இரண்டு 9 கழற்றியதால் 3⁴.

52055003-ஐ மும்மூன்றாக வெட்டிப் பாருங்கள்: 52 | 055 | 003. இங்கே 1001 கண்ணுக்கே தெரிகிறது. 52003-ஐ ஆயிரத்தால் பெருக்கி, கூடவே இன்னொரு 52003-ஐக் கூட்டினால் வருவது இதுதான். ஆகவே ஈவு 52003.

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் வழுக்குவது இந்த இடத்தில்தான். 7, 11, 13 மூன்றையும் எடுத்தாயிற்றே என்று நேராக 17-க்குத் தாவிவிடுவார்கள். ஒரு முறை எடுத்த பகா எண் இன்னொரு முறையும் இருக்கலாம். 52003-ல் 7 போகிறதா? போகிறது, 7429. இன்னும் ஒரு 7? 7 × 1061 = 7427, மீதி 2. இல்லை. 11-க்கு 9 − 2 + 4 − 7 = 4, இல்லை. 13 × 571 = 7423, மீதி 6, இல்லை. 17? 17 × 437 = 7429. வந்துவிட்டது.

437 பார்வைக்குப் பகா எண் போலத் தோன்றும். ஒரு எண் பகா எண்தானா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். 437-ன் வர்க்கமூலம் 21-க்குச் சற்றுக் குறைவு. ஆகவே 19 வரை போக வேண்டும். ஆனால் இன்னும் எளிய வழி இருக்கிறது. 437 என்பது 441-க்கு 4 குறைவு, அதாவது 21² − 2². இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் (21 − 2)(21 + 2) என்று உடையும். 19 × 23.

முழுப் பகாக் காரணிப் பிரிப்பு:

6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

தொடர்ந்து வரும் முதல் ஒன்பது பகா எண்கள். ஒன்றுகூட விடுபடவில்லை. அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 என்று இறங்கிக்கொண்டே வருகின்றன. இந்த வரியைத் தாளில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். இனிமேல் அந்தப் 13 இலக்கத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, எண்ணின் எல்லாப் பண்புகளும் இந்த ஒரு வரியில் இருக்கின்றன.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் ‘ஃபேக்டர்’ கட்டளையோடு எண்ணைத் தட்டினால் இதே பகாக் காரணிகள் நொடியில் வரும். கையால் செய்த பிறகு சரிபார்க்க அதைப் பயன்படுத்துங்கள், முன்னால் வேண்டாம்.

நான்காம் படி: வகுத்திகளை எண்ணுவது

சின்ன எண்ணில் முறையைப் பழகிக்கொள்வோம். 12 = 2² × 3. இதன் வகுத்தி ஒன்றை உருவாக்க 2-ஐ 0, 1 அல்லது 2 முறை எடுக்கலாம், மூன்று வழி. 3-ஐ எடுக்கலாம் அல்லது விடலாம், இரண்டு வழி. 3 × 2 = 6. சரிதான்: 1, 2, 3, 4, 6, 12. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி.

நம் எண்ணுக்கு 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2. முதல் நான்கும் சேர்ந்து 315, பின்னால் உள்ள ஐந்து 2-ம் சேர்ந்து 32. 315 × 32 = 10080 வகுத்திகள்.

பத்தாயிரத்து எண்பது! ஒரு வாரத்துக்கு எத்தனை நிமிடமோ அத்தனை வகுத்திகள் (7 × 24 × 60). அந்த 10080-ம் ஓர் உயர் பகு எண்தான். அதற்கு 72 வகுத்திகள். இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் சற்று அசந்துபோவார்கள்.

வகுத்திகளை இதே வரியிலிருந்து வகை பிரிக்கலாம். 2-ஐத் தொடாமல் விட்டால் ஒற்றைப்படை வகுத்திகள்: 10080 ÷ 7 = 1440. மீதி 8640-ம் இரட்டைப்படை. வர்க்க எண்ணாக இருக்கும் வகுத்திகள் வேண்டுமென்றால் இரட்டை அடுக்குகளை மட்டும் எடுங்கள். 2-க்கு 0, 2, 4, 6 என நான்கு வழி, 3-க்கு மூன்று, 5-க்கும் 7-க்கும் இரண்டிரண்டு. 48 வர்க்க வகுத்திகள்.

இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். 1, 2, 3 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் எங்கே தடுக்கும்? 28 வரை எதுவும் தடுக்காது. 16, 25, 27 போன்றவை கூடத் தடையின்றிப் போகும். 29-ல்தான் முதல் தடை. 50 வரை போனால் வகுபடாதவை 29, 31, 37, 41, 43, 47 ஆகிய ஆறு மட்டும், ஆறும் பகா எண்கள். 1 முதல் 28 வரையுள்ள எல்லா எண்களின் மீச்சிறு பொது மடங்கு 80313433200. நம் எண் அதைப்போல் சரியாக 84 மடங்கு.

ஐந்தாம் படி: கூட்டுத்தொகையும் சார்பகா எண்களும்

எல்லா வகுத்திகளையும் கூட்டினால் என்ன வரும்? 10080 எண்களையும் எழுதிக் கூட்ட வேண்டியதில்லை. 12-க்கு (1 + 2 + 4) × (1 + 3) = 7 × 4 = 28. கூட்டிப் பாருங்கள், 1 + 2 + 3 + 4 + 6 + 12 = 28. நம் எண்ணுக்கும் அதேதான். 2⁶-க்கு 1 + 2 + 4 + … + 64 = 127. 3⁴-க்கு 121. 5²-க்கு 31. 7²-க்கு 57. பிறகு ஒற்றை அடுக்குள்ளவற்றுக்கு 12, 14, 18, 20, 24. எல்லாவற்றையும் பெருக்கினால் 3,94,13,83,23,53,280. எண்ணைப்போல் ஏறத்தாழ 5.84 மடங்கு. எண்ணையே கழித்துவிட்டாலும் மிச்ச வகுத்திகளின் கூட்டல் 4.84 மடங்கு இருக்கிறது. கூட்டல் எண்ணுக்குச் சமமாக இருந்தால் 6, 28 போலச் செவ்விய எண், அதிகமாக இருந்தால் மிகையெண். இது மிகையெண், அதுவும் தாராளமாக.

நம் எண்ணோடு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்கள், அதாவது சார்பகா எண்கள், அதற்குள் எத்தனை என்பது கணிதவியலாளர் ஆய்லர் தந்த கணக்கு. ஒவ்வொரு பகா எண்ணிலும் ஓர் அடுக்கைக் குறைத்து, அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைவானதால் பெருக்க வேண்டும். 2-க்கு 32 × 1, 3-க்கு 27 × 2, 5-க்கு 5 × 4, 7-க்கு 7 × 6. பிறகு 10, 12, 16, 18, 22. விடை 11,03,61,96,86,400. அதாவது நூற்றுக்குச் சுமார் 16 எண்கள்தான் இதோடு ஒட்டாதவை. பாதி எண்கள் 2-லேயே சிக்கிக்கொள்கின்றன, மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு 3-ல்.

இங்கே ஒரு தற்செயல். 32 × 54 × 20 × 42 = 1451520. சற்று முன் வகுத்திக் கூட்டலில் வந்த 12 × 14 × 18 × 20 × 24-ஐப் பெருக்கிப் பாருங்கள். அதுவும் 1451520. இதற்குப் பெரிய காரணம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் இப்படி ஒன்று எதிர்ப்பட்டால் கணக்கு சரியாகப் போகிறதா என்று பார்க்க ஒரு கைப்பிடி கிடைக்கிறது.

ஆறாம் படி: வர்க்கங்கள்

அடுக்குகள் எல்லாம் இரட்டையாக இல்லாததால் இது வர்க்க எண் இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் மிகப் பெரிய வர்க்கத்தை வெளியே எடுக்கலாம். 2⁶ × 3⁴ × 5² × 7² என்பது (8 × 9 × 5 × 7)², அதாவது 2520². 1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் 2520. ஆக நம் எண் 2520² × 1062347. மூன்றாம் படியில் செய்ததைச் சரிபார்க்கவும் இது நல்ல வழி. 6350400-ஐ 1062347-ஆல் பெருக்கினால் பழைய 13 இலக்கமும் அப்படியே வர வேண்டும்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகா எண்கள் எல்லாம் இரட்டை அடுக்கில் இருந்தால்தான் முடியும். 3-ம் 7-ம் தேறிவிட்டன. 11 ஒற்றை அடுக்கில் நிற்கிறது. அதுவே போதும், முடியாது. மூன்று வர்க்கங்கள் என்றால் முடியும். 4-ஐ முடிந்த மட்டும் கழற்றியபின் மிஞ்சும் 105411381075-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 3. அது 7 ஆக இருந்தால்தான் தடை.

நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு வரி: இந்த எண் 2⁴²-க்கும் 2⁴³-க்கும் இடையில் இருக்கிறது. 43 பிட் வேண்டும். 32 பிட் மாறியில் போட்டால் உடையும்.

ஏழாம் படி: ஏன் இந்த வடிவம்?

இவ்வளவு வகுத்திகள் எப்படிச் சேர்ந்தன என்பதற்குப் பதில் அந்த இறங்குவரிசை அடுக்குகளில் இருக்கிறது. மாற்றிப் பாருங்கள். 2-ன் அடுக்கையும் 3-ன் அடுக்கையும் இடம் மாற்றி 2⁴ × 3⁶ என்று வைத்தால் வகுத்திகள் அதே 10080. ஆனால் எண் இரண்டேகால் மடங்காகிவிடும். 23-க்குப் பதில் 29 வைத்தாலும் வகுத்திகள் கூடாது, எண்தான் பெருக்கும். ஆகவே உயர் பகு எண்ணில் பகா எண்கள் இடைவெளி இல்லாமல் வர வேண்டும், அடுக்குகள் ஏறக்கூடாது.

23-ஐ எடுத்துவிட்டு அதைவிடச் சிறிய 16-ஐ, அதாவது நான்கு 2-களைப் போட்டால்? எண் சிறிதாகும், சரி. ஆனால் வகுத்திகள் 11 × 5 × 3 × 3 × 16 = 7920 ஆகக் குறைந்துவிடும். ஒரு புதிய பகா எண் வகுத்திகளை இரட்டிக்கிறது, ஏற்கெனவே அடுக்கு ஏறிய 2-ஐ மேலும் ஏற்றுவதில் அந்த அளவு லாபம் இல்லை. எல்லா மாற்றமும் வீண் என்பதில்லை. ஒரு 3-ஐ எடுத்து ஒரு 2-ஐப் போட்டால் 4497552259200 வரும். வகுத்திகள் 9216. நம் எண்ணுக்கு முந்தைய உயர் பகு எண் அதுதான்.

இந்தச் சின்னச் சின்ன மாற்றுகளைத்தான் இராமானுஜன் துல்லியமான எல்லைகளாக வளர்த்தெடுத்தார். உயர் பகு எண்ணின் கடைசிப் பகா எண்ணுக்கு அடுக்கு எப்போதும் 1, விலக்கு 4-ம் 36-ம் மட்டும் என்று நிறுவியதும் அவரே. கும்பகோணத்தில் வளர்ந்து, கல்லூரிப் படிப்பை முடிக்க முடியாமல் போனவருக்கு 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது இந்த ஆய்வுக்காகத்தான். லண்டன் கழகத்துக்கு அப்போது பணமுடை. கட்டுரையைச் சுருக்கித்தான் அச்சிட்டார்கள். விடுபட்ட பகுதி 1997-ல், அவர் பெயரைத் தாங்கிய ஆய்விதழில் வெளிவந்தது.

நீங்களே செய்து பார்க்க

293318625600-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 12 இலக்கம். மும்மூன்றாக வெட்டினால் 293 | 318 | 625 | 600. அதிலிருந்து தொடங்கி ஏழு படிகளையும் செய்யுங்கள். வகுத்திகள் 5040 வந்தால் சரி. வர்க்கத்தை வெளியே எடுத்தால் இங்கேயும் 2520² கிடைக்கும், கூடவே 46189.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இதுவும் உயர் பகு எண். ஆனால் இராமானுஜனின் அட்டவணையில் இது மட்டும் விடுபட்டுப் போய்விட்டது. முடித்தபின் இதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள், அந்த அட்டவணையின் கடைசி எண் வரும்.